மூன்றாவது முறை கூறப்படாத கலியாணம்

இதை எழுத வேண்டுமென்று பல வருஷங்களாக நினைத்து, பேனையை எடுத்து எடுத்து வைத்திருக்கிறேன். சுவாமிமாரைக் குறை சொல்லுகிறேன் என்று சனம் எண்ணிவிடுமோ என்று பயம். செபமாலை சொல்லாமல் நான் படுத்ததில்லை. ஆனாலும் என் தங்கச்சியின் கதையை ஊர் தன் விருப்பத்துக்கு மாற்றிச் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு சாக மனம் வரவில்லை.

எங்கள் ஊர் நாரந்தனையில், சண்டைக் காலத்துக்குக் கொஞ்சம் முன்பு நடந்தது. தாயின் நேர்த்திக்கடனுக்காக விருப்பமில்லாமல் கன்னியர் மடத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பெண், கடைசியில் மடத்தை விட்டு ஓடுகிற கதையொன்று புத்தகமாக வந்திருந்தது. கிழிந்த வலை பொத்துகிற பெண்களுக்குத் தங்கச்சி அதை வாசித்துக் காட்டுவாள். எங்கள் பங்குச் சுவாமி கேள்விப்பட்டுப் பிரசங்கத்தில் அதை விலக்கினார். விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுக்கப் பழைய குருத்தோலைகளைச் சுடுகிற நெருப்பிலேயே புத்தகத்தையும் போடச் சொன்னார். தங்கச்சி மறுபேச்சில்லாமல் போட்டாள். அந்தச் சாம்பல்தான் எங்கள் எல்லோருடைய நெற்றியிலும்.

பாஸ்குத் திருநாள் கழிந்து அவளுக்கு அனலைதீவில் கலியாணம் பொருந்தியது. கோயிலில் மூன்று ஞாயிறு கூறி, தடை ஏதும் உண்டோ என்று சபையில் கேட்ட பிறகுதான் எங்களில் கலியாணம். இரண்டு முறை கூறியாகிவிட்டது. கூறைச்சேலை எடுக்க யாழ்ப்பாணம் போன இடத்தில், சொந்தக்காரர் எங்களைப் படம் பார்க்கக் கூட்டிப்போனார்கள்.

அந்தப் புத்தகத்தைப் படமாக்கியிருக்கிறார்கள், அதையும் பார்க்கக் கூடாது என்று சுவாமி முன்னமே சொல்லியிருந்தார். ஆனால் நாங்கள் போன படத்துக்குப் பேர் வேறு. பாதியில் தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

“அண்ணை, இது அந்தக் கதை. எழும்புங்கோ, போவம்.”

“விசரே உனக்கு? இதிலை மடமும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை.”

“மடத்தை வெட்டிப்போட்டாங்கள். அழுகிறது அவள்தான்.”

எழுந்து வந்துவிட்டோம். கொழும்பிலே தணிக்கையில் வெட்டிக் குறைத்து, பேரையும் மாற்றித்தான் விட்டார்கள் என்று பிறகு அறிந்தோம்.

மூன்றாவது ஞாயிறு, மாப்பிள்ளையின் தாயும் மாமியும் பூசைக்கு வந்திருந்தார்கள். பேர் மாற்றி ஓடுகிற அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பீடத்தின் முன் முழங்காலில் நிற்க வேண்டும் என்றார் சுவாமி.

“பேசாமல் இரு. ஒருத்தருக்கும் தெரியாது,” என்றேன்.

“மாதாவுக்குத் தெரியும், அண்ணை.”

அவள் போனாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். வேறொருவரும் வரவில்லை. தண்டனையில் நிற்பவளின் கலியாணத்தை அன்று சுவாமி கூறவில்லை.

வெளியே மாப்பிள்ளையின் மாமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: “இவ்வளவு துணிஞ்சவள், நாளைக்கு எங்கடை வீட்டுப் படலையைத் தாண்டி ஓடமாட்டாளே?”

அவர்கள் கலியாணத்தை நிறுத்திவிட்டார்கள். சுவாமி தாமே வள்ளமேறி அனலைதீவுக்குப் போனார்; நானும் கூடப் போனேன்.

“நான் தண்டிச்சது பாவத்தை, பிள்ளையை இல்லை,” என்று கெஞ்சினார்.

“சுவாமி, நீங்கள் காட்டினதைத்தானே நாங்கள் பாத்தனாங்கள்,” என்றாள் மாப்பிள்ளையின் தாய்.



பிறகு அவளுக்கு வேறு இடம் பொருந்தவேயில்லை. போன மாரி காலத்தில் கண்ணை மூடிவிட்டாள். எவனோடோ படம் பார்க்க ஓடினவள் என்கிறார்கள் சிலர். சுவாமி தலைமயிரில் பிடித்து இழுத்துவந்தார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொய். ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல், ஒருவரும் இழுக்காமல், அவளே எழுந்து போய் முழங்காலில் நின்றாள். வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னால், அவளுக்காகவும் அந்தச் சுவாமிக்காகவும் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.