மைனஸ் அழுத்தியதில் காணாமல் போன எட்டாவது பேர்

சுரங்கத்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்து பெல்ட் எல்லாம் நின்றுபோனதே, டவுன்ஷிப்பில் கலர் டிவி வந்து நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோமே, அந்த வருஷம் சேர்ந்த கேங் எங்களுடையது.

எட்டுப் பேர். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளிப் போடும் கான்ட்ராக்ட் வேலை.

இன்றைக்கு அந்த கேங்கில் என்னைத் தவிர எல்லாரையும் ஒரு கம்ப்யூட்டர் சாகடித்துவிட்டது!

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் அதைத் திட்டுங்கள்.)

எங்கள் சங்கத்தில் இலவசக் கண் ஆபரேஷன் கேம்ப் போடுகிறார்கள். பழைய ஆட்களில் உயிரோடு இருப்பவர்களின் பேரை கேங் வாரியாக ஆன்லைனில் ஏற்ற வேண்டும். இன்று சாயங்காலத்தோடு லிஸ்ட் குளோஸ்.

காலையிலேயே குறிஞ்சிப்பாடியிலிருந்து அஞ்சலை போன். எங்கள் கேங் வரிசையில் கடைசியாக நிற்கும் ஆள்.

“அண்ணே, கண்ணு ரெண்டும் மறைச்சிகினு வருது. சோத்துல கெடக்கிற கல்லு தெரியல. எம் பேர வுட்டுடாதண்ணே!”

“உன்ன வுடுவனா? வை போன!”

நேராக எதிர் குவார்ட்டர்ஸ் கவிதாவிடம் போனேன். வீட்டிலிருந்தே ஜாவாவில் புரோகிராம் எழுதுகிற பெண். சங்கத்துக்கு அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்ததே அவள்தான்.

“உயிரோட இருக்கிறவங்க பேர மட்டும் சொல்லுங்க தாத்தா.”

அது என்னால் ஆகவில்லை. வேலைக்கு வந்துவிட்டோமா என்று பார்க்க மேஸ்திரி தினமும் பேர் கூப்பிட்ட வரிசை அது. நடுவில் ஆளை விட்டுவிட்டுக் கூப்பிட வாய் வரவில்லை.

“மொதல்ல எல்லாரையும் எழுதும்மா. அப்பறமா எடுத்துக்க.”

வேலாயுதம் (நான்தான்), ராமலிங்கம், அந்தோணி, காசிம், பெரிய கோவிந்தன், சின்ன கோவிந்தன், பாவாடை, அஞ்சலை.

ஒவ்வொரு பேருக்கும் அவள் பிளஸ் அழுத்த, புதுசு புதுசாகக் கட்டம் முளைத்தது!

அப்புறம்தான் கொடுமை.

“ராமலிங்கம் தாத்தா?”

“போயிட்டாம்மா.”

மைனஸ். கட்டம் மறைந்தது.

“அந்தோணி தாத்தா?”

“அவனுந்தான்.”

மைனஸ்.

பாவாடை வந்தபோது, “அழுத்தவே கை வரல தாத்தா” என்றாள்.

“அழுத்தும்மா. அவன் ஒண்ணும் சொல்லமாட்டான். இருந்தப்பவே வாயத் தொறக்காதவன்.”

மிச்சம் நானும் அஞ்சலையும். சப்மிட் அடித்துவிட்டு, “முடிஞ்சுது தாத்தா” என்று காபி போடப் போனாள்.

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

ஒரே ஒரு வரி!

படிக்கத் தெரியாதுதான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் கூடவா வித்தியாசம் தெரியாது?

“பாப்பா! என்னா இது? ஒத்த ஆளு நிக்கறான்!”

ஓடி வந்து படித்தாள். முகம் மாறிவிட்டது.

“உங்க பேர் மட்டும்தான் இருக்கு. அஞ்சலை ஆயா எங்க?”

“என்னக் கேட்டா? நீதான அழுத்துன!”

“அவங்களைத் தொடவே இல்ல தாத்தா!”

உயிரோடு இருப்பவளையும் சேர்த்து அனுப்பிவிட்டோமே! அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

கவிதா தான் எழுதிய புரோகிராமைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினாள். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ தாத்தா! ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு. கட்டத்தை அழிச்சா அந்த நம்பரும் போயிடும். சர்வர்ல இருக்கிற ஜாவா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வரும். ஒண்ணுல நீங்க இருந்தீங்க. ரெண்டு இல்லையா, அவ்வளவுதான்னு கடையைச் சாத்திடுச்சு. எட்டு வரைக்கும் வரவே இல்ல.”

“மத்த கேங்குக்கெல்லாம் நல்லாத்தான வந்துச்சி?”

“அவங்க இருக்கிறவங்களை மட்டும்தான் எழுதினாங்க. நடுவுல அழிக்கவே இல்ல. நீங்கதான் செத்தவங்களையும் கூட்டிக்கிட்டு வந்தீங்க!”

“அப்ப தப்பு என்னுதா?”

“என்னுதுதான் தாத்தா. எண்ணுறதை நிறுத்திட்டு, வந்திருக்கிற பேர் எல்லாத்தையும் மொத்தமா வாங்கிக்கன்னு மாத்தி எழுதணும்.”

எழுதினாள். காபி ஆறிப்போனது.

“இப்ப எட்டுப் பேரையும் மறுபடி சொல்லுங்க. சரியாயிடுச்சான்னு பார்க்கணும்.”

சொன்னேன். பாவம், ஆறு பேரும் இரண்டாவது தடவை போனார்கள்.

சப்மிட்.

இரண்டு வரி!

உடனே குறிஞ்சிப்பாடிக்கு போன் போட்டேன். ஹலோ எல்லாம் சொல்லவில்லை. மேஸ்திரி மாதிரியே அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம்:

“அஞ்சலை!”

பழக்கம் விடுமா என்ன?

“இருக்கேங்க!” என்றாள் அஞ்சலை.