முதலாளி பிடித்த கண்ணாடி

போன வாரம் செங்கம் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் சலூனில் உட்கார்ந்தேன். கன்னத்தில் சோப்பு நுரை பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடாதீங்கண்ணே, கத்தி பட்டுடும்" என்று அந்தத் தம்பி பயந்துபோனான். அவனிடம் எப்படிச் சொல்வது? அந்த வாசனை வந்தாலே எனக்கு ஒரு கப்பலும் ஒரு ஜீப்பும் சேர்ந்து நினைவுக்கு வரும். உங்களிடம் சொல்லலாம். எழுதும்போது எனக்குக் கூச்சம் கொஞ்சம் கம்மி.

கப்பலை நான் பார்த்ததில்லை. கடலையே முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு முதலாளி வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். அவருக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை போட்ட நிலம், நிறைய. வீட்டை ஒட்டி ரூம்கள் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு விட்டிருந்தார். அவர்களுக்காக ரசத்தில் மிளகைக் குறைப்பேன். அப்படியும் கண்ணில் தண்ணீர் வழிய "மிக நன்று" என்பார்கள்.

கொல்லையைப் பார்த்துக்கொண்டவன் மாணிக்கம். அப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்ட ஆள். வேலை பிடிக்காவிட்டால் நான் போகலாம். அவன் போக முடியாது. ஆரணிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போன அவன் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்து, அது குப்புற விழவும் பழகிவிட்டது. இவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. கேட்கும்போதெல்லாம் முதலாளி, "மல்லாட்ட புடுங்கி முடியட்டும்டா" என்பார்.

ரூமில் இருந்த அமெரிக்கர் ஒருவர் சாயந்திரங்களில் எங்களிடம் கதை சொல்வார். அவர் தமிழ் ரேடியோச் செய்தி மாதிரி இருக்கும். ஒருநாள் அவர் நாட்டுப் பழைய கதை ஒன்று சொன்னார். தள்ளாடி வரும் ஒரு கப்பலில், உதவி செய்யலாம் என்று வேறொரு கப்பலின் கேப்டன் ஏறுகிறார். அங்கே ஒரு நோஞ்சான் கேப்டன். பக்கத்தை விட்டு நகராத ஓர் அடிமை அவரைக் கைத்தாங்கலாகப் பிடிக்கிறான், முகம்கூட மழித்துவிடுகிறான். என்ன விசுவாசம் என்று வந்தவர் உருகிப்போகிறார். உண்மையில் அடிமைகள் எப்போதோ கப்பலைப் பிடித்துவிட்டார்கள். கத்தி வைத்திருப்பவன்தான் அங்கே தலைவன், மற்றதெல்லாம் வேஷம். வந்தவரின் படகு திரும்பிக் கிளம்பும்போது நோஞ்சான் கேப்டன் அதில் குதித்துவிட, குட்டு உடைகிறது.

"அடிமைங்க என்னா ஆனாங்க?" என்றான் மாணிக்கம்.

"தூக்கில் இட்டார்கள்."

மாணிக்கம் பீடியை நசுக்கினான். என்னிடம் திரும்பி, "ஆனா அந்த நோஞ்சான் நேரம் பாத்து குதிச்சாம் பாரு" என்றான்.

கொத்தடிமை கூடாது என்று சட்டம் வந்த புதிது. ஒரு காலையில், விசாரிக்க அதிகாரி ஜீப்பில் வருகிறார் என்று தகவல். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. மாணிக்கம் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, கொல்லையில் கூட்டு என்று சொல்லிவிடுவதாக முடிவாயிற்று. இத்தனை தாடியோடு தம்பியா? நாவிதரைத் தேட நேரமில்லை. முதலாளியின் சோப்பு, முதலாளியின் ரேசர், மழித்தது நான். எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முதலாளி.

"என்னெ அண்ணேன்னு கூப்புடணும். மொதலாளின்னு வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்."

"சரிங்க மொதலாளி."

"டேய்!"

"கண்ணாடிய கொஞ்சம் மேல தூக்குங்கண்ணே."

தூக்கினார்.

முதலாளியின் சலவைச் சட்டையில் மாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் டீ கொடுத்தேன். "சக்கர கம்மியா இருக்கே" என்று என்னை அதட்டினான் பாவி! அதிகாரி நல்ல மனுஷர். "அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று மகிழ்ந்துபோய் எழுந்தார்.

ஜீப் உறுமியது. அப்போதுதான் மாணிக்கம் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தான். "சார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வரட்டுங்களா? ஆரணி போயி கொழந்தயப் பாக்கணும். அண்ணன் எப்பவோ போவச் சொல்லிட்டாரு."

அதிகாரி சிரித்தபடி முதலாளியைப் பார்த்தார்.

"போ... போய்ட்டு வா தம்பி."

"வரேண்ணே!"

புழுதி அடங்கியபோது ரூம் வாசலில் அமெரிக்கர் தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். மாணிக்கம் திரும்பி வரவேயில்லை. தேடிப் போனால் அதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்று முதலாளியும் விட்டுவிட்டார். சட்டையைப் பற்றி மட்டும் ரொம்ப நாள் புலம்பினார்.

சில வருடம் கழித்துத் தீபத் திருவிழாக் கூட்டத்தில், தோளில் பையனோடு அவனைப் பார்த்தேன். அதே சட்டை. கூப்பிட எனக்குக் கூச்சம்.

அந்த வீடு இப்போது லாட்ஜ். மல்லாட்டைக் கொல்லை மனைகளாகிவிட்டது. முதலாளி போய்ச் சேர்ந்தார், அமெரிக்கரின் விலாசமே தெரியவில்லை. சலூன்களில் கண்ணாடியைச் சுவரோடு பதித்துவிடுகிறார்கள். மேலே தூக்கச் சொல்ல வழியே இல்லை.