ஆஸ்பத்திரிக்கென்று ஓர் உடுப்பு

எர்லீன் டாலிவருக்கு ஆஸ்பத்திரிக்கென்றே ஓர் உடுப்பு இருந்தது. கருநீலப் பாவாடை, அதே துணியில் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இரண்டு முத்துத் தோடுகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக்கூட அதைத் தொட மாட்டாள். அலமாரியின் கடைசியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். கணவர் கிளோவிஸ் வேறு சட்டையைத் தேடும்போது கை அதில் பட்டால், உடனே விலக்கிக்கொள்வார்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரின் தெற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் சமையலறையைக் கட்டி ஆண்டவள் எர்லீன். எந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்தத் தட்டில் மட்டும் சோள ரொட்டி இரண்டாக விழும். ஏன் என்று கேட்ட மேலாளரிடம், கை தவறிவிட்டது என்பாள். இருபத்தொன்பது வருஷமும் அவள் கை தவறிக்கொண்டே இருந்தது.

நீல உடுப்பு வந்த கதை வேறு. அவள் அக்கா ஒடெஸா விடுதியில் அறை துடைக்கும் வேலை பார்த்தாள். எண்பத்தெட்டாம் வருஷம் மார்பு வலிக்கிறது என்று ஈர ஏப்ரனோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். உட்காரச் சொன்னார்கள். போதைக்காக வலி மாத்திரைக்கு அலைகிறவள் என்று நினைத்துக்கொண்டார்களாம். மூன்று மணி நேரம் கழித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, நாற்காலியில் சாய்ந்திருந்தவளிடமிருந்து பதில் வரவில்லை. வயது நாற்பத்தொன்று. அடக்கம் முடிந்த வாரமே எர்லீன் கடைக்குப் போய் அந்த உடுப்பை வாங்கி வந்தாள். அந்த ஏப்ரன்தான் அக்காவைக் கொன்றது என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

கறுப்பினத்தவர் வாழும் அவர்கள் தெருவில் இதை யாரும் விசித்திரமாக எண்ணவில்லை. எதிர்வீட்டு ஆசிரியை டாக்டரிடம் போகும்போது பட்டதாரி என்று காட்டும் கல்லூரி மோதிரத்தைப் போட்டுக்கொள்வாள். கோடி வீட்டுக்காரர் ராணுவத் தொப்பியை வைத்துக்கொள்வார். மழைக்காலத்தில் குடை எடுப்பது போலத்தான்.

கிளோவிஸுக்கு உடுப்பைவிட விதிகள் அதிகம். ஆறடி மூன்று அங்குலம். பேருந்துப் பணிமனையில் என்ஜின் பிரித்துப் பிரித்து அகன்றுபோன தோள். தேவாலயப் பாட்டுக் குழுவில் அடிக்குரல் அவருடையது. ஆஸ்பத்திரிக்குள் அந்தக் குரல் எழும்பக் கூடாது. கை வெளியே தெரிய வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது.

"நீ எழுந்து நின்னா அந்த ரூமே சின்னதாயிடுது, டாலிவர். அவங்களுக்கு மூச்சு முட்டும். அப்புறம் காவலாளியைக் கூப்பிடுவாங்க. எனக்கு ஊசி போட யாரும் வரமாட்டாங்க," என்பாள் எர்லீன். கணவரைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

அந்த மார்ச் மாத வியாழக்கிழமை காலையில் அவள் அடுப்பு முன்னால் இரண்டாக மடிந்து நின்றாள். அடிவயிற்றைப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. வா, இப்படியே போகலாம் என்றார் கிளோவிஸ். அவள் வீட்டு அங்கியைக் குனிந்து பார்த்தாள்.

"இப்படியே போனா ஒடெஸா பக்கத்துலதான் படுக்கணும். அந்த நீலத்தை எடு."

இருபது நிமிஷம் ஆயிற்று. அவளால் குனிய முடியவில்லை. கிளோவிஸ் மண்டியிட்டு, என்ஜின் கிரீஸில் காய்த்துப்போன விரல்களால், கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து காலுறையை முழங்கால்வரை ஏற்றினார். தோட்டின் திருகாணி இரண்டு தரம் நழுவி விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காதைக் காட்டினாள். உதட்டுச் சாயம் மட்டும் அவளே போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கெல்சி என்ற இளம் நர்ஸ், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டாள். எர்லீன் புன்னகையோடு, ஆறு என்றாள். ஓய்வூதியத்தோடு வரும் காப்பீடு இருக்கிறது என்பதையும் கேட்காமலே சொன்னாள். கிளோவிஸுக்கு அந்த ஆறின் கணக்கு தெரியும். பத்து என்றால் மாத்திரைக்கு அலைகிறவள். மூன்று என்றால் வீட்டுக்குப் போ. ஆறுதான் மரியாதையான எண்.

டாக்டருக்கு முப்பது வயதுகூட இராது. கெட்டவனாகத் தெரியவில்லை. தாயைவிட மூத்தவளை எர்லீன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்றாலும் சிரித்த முகமாக இருந்தான். வயிற்றை அழுத்தினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். வாயுவாக இருக்கும், மருந்து தருகிறேன், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனான்.

கெல்சி வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கிளோவிஸ் வாங்கிப் படித்தார். நோயாளி நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார், அமைதியாகப் பேசுகிறார், சௌகரியமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தது. காலை இருபது நிமிஷமும் அவர் மண்டியிட்டுச் செய்த வேலை அந்த வரியில் இருந்தது. அவர் தலை நிமிர்ந்தார். மனைவியின் நெற்றிப் பவுடரைக் கரைத்துக்கொண்டு ஒரு வியர்வைக் கோடு இறங்கியது. கட்டில் கம்பியை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் மூட்டெல்லாம் புடைத்திருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. கையை முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டார். ஜெபத்துக்கு வைத்திருக்கும் சின்னக் குரலை எடுத்தார்.

"ஒரு நிமிஷம், தாயி. எங்களுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவன் தலை வெளிய தெரியும்போதும் இவ ஆறுன்னுதான் சொன்னா. நாப்பத்திநாலு வருஷமா கூட இருக்கேன். இவ வாயிலேர்ந்து ஆறுக்கு மேல நான் கேட்டதில்ல."

"டாலிவர், வாயை மூடு," என்றாள் எர்லீன்.

"இவ அக்கா இந்த மாதிரி ஒரு இடத்துல உக்காந்த நாற்காலியிலயே போயிட்டா. அதுக்காகத்தான் இந்த உடுப்பு, இந்தச் சிரிப்பு எல்லாம். ஸ்கேன் எடுக்கணும்னு கேக்கறேன். முடியாதுன்னா பரவால்ல. புருஷன் கேட்டான், நாங்க எடுக்கலன்னு இந்தக் காகிதத்துலயே எழுதி, டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்க."

கெல்சி கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கட்டிலருகே வந்து, எர்லீனின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"மிஸஸ் டாலிவர், எனக்கு மட்டும் சொல்லுங்க. நிஜமா எவ்ளோ?"

எர்லீன் கணவரை முறைத்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். ஒன்பது என்று சொல்லும்போது குரல் பாதியிலேயே உடைந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேனில் குடல்வால் ஏற்கெனவே வெடித்திருந்தது தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். நீல உடுப்பை மடித்து ஒரு பையில் போட்டு கிளோவிஸ் கையில் கொடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று பிற்பகலில் வந்து சொன்ன அதே டாக்டர், முகம் சிவக்க, இவ்வளவு வலி என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றான். பதில் கிளோவிஸின் நாக்கு நுனிவரை வந்தது. அவளை இன்னும் நான்கு நாள் இவர்கள் கையில் விட்டுவைக்க வேண்டும். விழுங்கிவிட்டு நன்றி சொன்னார். கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மதியம் எர்லீன் தெளிந்திருந்தாள். தோடில்லாத காது, கலைந்த தலை, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட ஆஸ்பத்திரி அங்கி. கண்ணைத் திறந்ததும் சண்டைக்கு வந்தாள்.

"ஒரு வெள்ளைக்காரப் பொண்ணுகிட்டப் போயி என் பிரசவக் கதையைச் சொல்லுவியா?"

"வேற கதை கைவசம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் தையல் இழுத்தது. வாய்விட்டு முனகினாள். முனகியதும், பழக்கதோஷத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

கிளோவிஸ் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டார். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முனகு, செல்லம்."

இந்த முறை அவள் அடக்கவில்லை. நீளமாக, கரடுமுரடாக, தன் குரல்தானா என்று அவளே திகைக்கும்படி முனகினாள். கெல்சி வந்தாள்; எண் எதுவும் கேட்காமல் மருந்தின் அளவைக் கூட்டிவிட்டுப் போனாள். மருந்து ஏறும்வரை எர்லீன் முனகிக்கொண்டே இருந்தாள். கிளோவிஸ் அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, முதல்நாள் காலையிலிருந்து மூடாத கண்ணை மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனார்.