பூசி மறைத்த பதினொரு வெடிப்புகள்

2025 ஏப்ரல் முதல் வாரம் வரை ரபீகாவின் வீட்டுச் சுவர்களில் பதினொரு வெடிப்புகள் இருந்தன. கண்டிக்குப் பக்கத்துத் திகனவுக்கு மேலே, கிராஃபைட் என்கிற காரீயம் தோண்டும் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும்போதெல்லாம் ஒன்றும் இரண்டுமாகச் சேர்ந்தவை. அந்தக் காரீயம் கப்பலேறிப் போய், எங்கோ ஓடும் மின்சாரக் கார்களின் பேட்டரிக்குள் இருக்கிறது. ரபீகாவுக்கு வந்து சேர்ந்தது அதிர்வு மட்டும்தான்.

ஊர் கத்திய கத்தலில் கம்பனி இறங்கிவந்தது. வெடித்த வீடுகளைப் பதிந்து திருத்திக் கொடுப்பதோடு, கூரையில் சோலாரும் போட்டுத் தருமாம். நாள் முழுக்கக் கரண்டில் தையல் மெஷின் ஓட்டுகிற ரபீகா, அந்தப் பட்டியலில் தன் பெயர் வரவேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டாள்.

ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவனின் தம்பி மனைவி மஸாஹிரா இருந்தாள். மஸாஹிராவின் மகள் ரிஸ்னாவின் நிக்காஹ்வுக்கு வருகிறவர்கள் இரண்டு வீட்டிலும்தான் உட்கார வேண்டும். மஸாஹிரா கொழும்பிலிருந்து தங்கநிறத் திரைத்துணி வாங்கிவந்து, ரபீகாவிடமே தைக்கக் கொடுத்தாள். மூத்தவளை, அக்கா என்ற பொருளில், ‘தாத்தா’ என்றுதான் அழைப்பாள்.

“தாத்தா, மிச்சத் துணியில உங்கட ஹோலுக்கும் ஒண்டு தச்சிக்கோங்க.”

மிச்சத் துணி! ரபீகாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கம்பனியின் கணக்கெடுப்பு ஜூனில் வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகுதான் என்று ஊரில் பேச்சு. அந்தத் தைரியத்தில் வெடிப்புகளைத் தன் கையாலேயே பூசி, இளம்பச்சை பெயின்ட் அடித்தாள். நிக்காஹ்வுக்கு வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து மெச்சினார்கள். மஸாஹிராவின் முகம் சுருங்கியது. மூன்று நாளைக்கு ரபீகாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நாலாம் நாள் கம்பனிப் பொறியியலாளர் சேந்தன் கெமராவோடு வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“அக்கா, வெடிப்பு எங்க?”

“பூச்சுக்கு உள்ளுக்கு ஈக்கி தம்பி. பதினொண்டு.”

“உள்ளுக்க கிடக்கிறதை நான் எப்பிடிப் படம் எடுக்கிறது? சேதமில்லை எண்டுதான் எழுதலாம்.”

பக்கத்து வீட்டில் மஸாஹிரா, ரபீகா தைத்த திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினாள். அவள் சுவரில் தூரிகையே படவில்லை. ஒன்பது வெடிப்புகள் பதிவாகின. எனக்கு ரெண்டு கூட என்று வாய்வரை வந்ததை ரபீகா விழுங்கினாள்.

“தாத்தா, பச்ச கலர் போட்டோவுக்கு எடுப்பா வந்தீக்குமே!” என்று மஸாஹிரா வாசலில் நின்று சிரித்தாள்.

சேந்தன் போகும்போது ரபீகாவிடம் ஓர் ஆட்சேபப் படிவம் கொடுத்தார். பூசுவதற்கு முன் வெடிப்புகளைப் பார்த்த அயல்வீட்டார் ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும். ரபீகாவுக்கு இருப்பது ஒரே ஓர் அயல்வீடு. படிவத்தை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.