ஈரமாவின் எடை

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எவன் எந்தக் கணக்கில் ஏமாற்றுவானோ என்ற பயம் அதனால்தான் வந்திருக்கவேண்டும். வீட்டில் சின்னதாக ஒரு கரண்டு தராசு வாங்கி வைத்திருக்கிறேன். கடையிலிருந்து வரும் பருப்பும் சர்க்கரையும் அதில் ஏறி இறங்கிய பிறகுதான் டப்பாவுக்குள் போகும்.

மகளைப் பரமத்தி வேலூரில் கொடுத்திருக்கிறோம். போன தீபாவளிச் சீருக்குக் கடையில் வாங்கிக் கொண்டுபோன கச்சாயம், அதிரசம் என்பார்களே அது, கல்லாக இருந்ததென்று அவள் மாமியார் பொங்கல் வரைக்கும் பேசினார். “இந்தத் தடவ ஊட்லயே சுட்டுக் கொண்டாங்கப்பா, இன்னொருக்கா என்னால பேச்சு வாங்க முடியாது” என்று மகள் போனில் அழுதாள். அந்த நேரம் பார்த்து மனைவி வழுக்கி விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் செய்வதென்று ஆயிற்று.

“படி அரிசிக்கு ஒரு கிலோ வெல்லம். அவ்வளவுதானுங்க கணக்கு” என்றாள்.

மூன்று படி பச்சரிசி அளந்தேன். மனது கேட்கவில்லை, தராசிலும் வைத்தேன். நாலு கிலோ இருநூறு. ஊறவைத்து வடிகட்டி, துணியில் பரப்பி, ஈரம் காயுமுன் நாமகிரிப்பேட்டை மில்லில் அரைத்து வந்தேன். வந்ததும் மாவை நிறுத்தேன். ஐந்து கிலோ இருநூறு!

குறைந்திருந்தால்கூடப் புரியும். கொடுத்ததைவிட ஒரு கிலோ கூடுதலாக எந்த மில்காரன் தருவான்? எனக்கு முன்னால் அரைத்தவரின் ரேஷன் அரிசி மாவை நம் தூக்குவாளியில் தள்ளிவிட்டான் என்றே முடிவு செய்தேன். முகர்ந்து பார்த்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது.

மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள். மாவு கூடியிருக்கும்போது மூன்று கிலோ வெல்லம் போட்டால் கச்சாயம் மறுபடி கல்லாகும். போன் கால்குலேட்டரில் தட்டினேன். ஐந்து கிலோ இருநூறு என்றால் மூன்றேமுக்கால் படிக்குக் கொஞ்சம் குறைவு என்று காட்டியது. அவள் பக்கத்து வீட்டுக்குப் போன நேரத்தில் எழுநூறு கிராம் வெல்லத்தைக் கூடுதலாகப் பாகில் தட்டிப்போட்டேன்.

மறுநாள் மதியம் முதல் கச்சாயத்தை எண்ணெயில் விட்டேன். ஓரம் பிரிந்தது, நடு பிரிந்தது, பிறகு கச்சாயமே இல்லை; சட்டி முழுக்கக் கருப்புத் துகள்.

“ஏனுங்க, வெல்லம் எவ்வளவு போட்டீங்க?”

“நீ சொன்னதுதான் புள்ள.”

“என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

சொன்னேன். மில்காரன் மேலிருந்த சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னேன். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அரிசி ஊறுனா தண்ணி குடிக்காதுங்களா? நீங்க தண்ணிக்குமா வெல்லம் போட்டீங்க? அதுக்குத்தான் காஞ்ச அரிசியப் படியில அளக்கறது. பாவம் அந்த மில்காரரு!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலூர் பஸ். முக்கால் படி அரிசியைத் தலைதட்டி அளந்து, அதிலும் ஒரு கைப்பிடி எடுத்துவிட்டு ஊறவைக்கச் சொன்னாள். இரண்டு மணி நேரம் கழித்து வடித்து, மிக்சியில் திரித்து, சலித்துப் பழைய மாவோடு பிசைந்தேன். தராசுப் பக்கம் போகவிடவில்லை. சாயங்காலம் போட்ட கச்சாயம் எண்ணெயில் உப்பி மேலே வந்தது. ஆனாலும் ஆறினபின் இறுகிவிடுமோ என்று மணிக்கொரு தரம் பிய்த்துப் பார்த்தேன்.

வேலூரில் சம்பந்தியம்மா ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டார். உள்ளே பார்த்தார். மகள் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள்.

“படிக்கு எவ்வளவு வெல்லம் போட்டீங்க?” என்றார்.

ஏன் கேட்கிறார்? நான் மனைவியைப் பார்த்தேன்.

“கிலோதானுங்க” என்றாள் மனைவி.

“நாங்களும் அப்படித்தானுங்க.” மென்றுகொண்டே மருமகள் பக்கம் திரும்பினார். “எடுத்து உள்ள வையி சாமி. வெளிய இருந்தா உன்ற ஊட்டுக்காரன் ஒண்ணு விடாம தின்னுபுடுவான்.”

மகள் தூக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போதே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.