குனிந்து நின்ற கம்பம்

கண்ணாடிக்காரனுக்கு மாமியார் மேல் பத்தொன்பது வருடமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குத் தன் கையாலேயே கண்ணாடி அறுத்துப் பொருத்திக் கொடுத்தான். புது மாப்பிள்ளை, சொந்தக் கடை வேறு. பாராட்டு வரும் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றான். மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, எதிர்ல அந்த விளக்குக் கம்பம் காலைல நேராத்தானே இருந்துச்சு? இப்ப ஏன் குனிஞ்சு நிக்குது?"

கண்ணாடியில் ஓர் அலை இருந்தது, பார்ப்பதை வளைத்துக் காட்டும் நெளிவு. விற்காமல் கடையின் பின்பக்கம் கிடந்த பழைய தகடு அது. அறுக்கும்போதே அவனுக்குத் தெரியும். மாமியார் வீடுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று பொருத்திவிட்டான். பார்க்கப்போவது யார் என்று யோசிக்காமல் விட்ட மூளையை என்னவென்று சொல்வது?

அந்த அம்மாள் பாட்டில் ஆலையில் முப்பத்தொரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவர். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். கைப்பிள்ளையாக இருந்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய் வெளிச்சப் பலகை முன்னால் உட்கார்ந்தவர், ஓய்வு பெறும் நாளில்தான் எழுந்தார் என்று ஆலையில் கேலியாகச் சொல்வார்கள். ஒரு கைக்கு இரண்டு பாட்டில், கழுத்தைப் பிடித்து ஓர் உருட்டு, ஒரு பார்வை. நல்லது பெல்ட்டில் போகும். குமிழோ கீறலோ இருந்தால் காலடியில் இருக்கும் உடைசல் தொட்டியில் அந்த நிமிடமே போட்டு உடைத்துவிடுவார். ஒதுக்கி வைத்தால் எப்படியாவது நல்லதோடு கலந்துவிடும், அதனால் கையோடு உடைத்துவிட வேண்டும் என்பது ஆலைச் சட்டம். ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் எக்ஸ்ரே.

அந்த எக்ஸ்ரேயிடம்தான் நம் ஆள் கதை விட்டான். வீடு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்றான். கம்பமே சாய்ந்துதான் இருக்கிறது என்றான். எதுவும் எடுபடாமல் போகவே, "எதுக்கும் கண்ணை ஒரு தடவை காட்டிடுங்க அத்தை" என்றான்.

"முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கின கண்ணு இது, மாப்பிள்ளை."

அதற்குப் பிறகு எப்போது போனாலும், வாங்க என்பதற்கு முன்னால் கம்பம்தான். "கம்பம் இன்னிக்கும் நிமிரலை மாப்பிள்ளை." அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைவான். வேறு கண்ணாடி மாற்றிக் கொடுத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. மாற்றினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

ஆறு மாதமாகத்தான் மாமியார் கம்பத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"பாத்தியா, உங்கம்மா ஒருவழியா தோத்துட்டாங்க" என்றான் மனைவியிடம்.

"எங்கம்மாவா? உடம்புக்கு ஏதாவது சரியில்லையோ என்னவோ" என்றாள் அவள்.

அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஜெயித்தவனுக்குக் காது கேட்காது.

பழைய ஆலைக் கட்டடத்தைக் கண்ணாடி அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். ஆலை சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. முன்னாள் தொழிலாளிகளுக்குக் குடும்பத்தோடு அனுமதி இலவசம் என்று கடிதம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கிளம்பினார்கள். அவன், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், மாமியார்.

உள்ளே நுழைந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. வழிகாட்டிப் பெண் உலையைப் பற்றி ஒன்று சொன்னால் இவன் இரண்டு சொன்னான். ஜன்னல் கண்ணாடி அறுக்கிறவனுக்கு உலையைப் பற்றித் தெரிந்தது, தையல்காரனுக்குப் பருத்திச் செடியைப் பற்றித் தெரிந்த அளவுதான். "மணலை உருக்கினா அஞ்சே நிமிஷத்துல கண்ணாடி" என்று பக்கத்தில் நின்றவரிடம் அளந்துகொண்டிருந்தான்.

"பல மணி நேரம் ஆகும் சார்" என்றாள் வழிகாட்டி மைக்கிலேயே.

"அப்பா, ப்ளீஸ், கொஞ்சம் தள்ளியே வாங்க. நான் உங்ககூட வரலைன்னு நெனச்சுக்கட்டும்" என்றாள் மகள்.

மாமியார் மெதுவாகப் பின்னால் வந்தார். படி வந்தபோது மட்டும் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிக் கூடத்தில் சோதனை மேசை இருந்தது. அதே வெளிச்சப் பலகை, காலடியில் அதே உடைசல் தொட்டி, மேசையில் பன்னிரண்டு பாட்டில்கள். "இதுல ஒண்ணு மட்டும் கெட்டது. அதோட அடியில சிவப்புப் புள்ளி இருக்கும். புள்ளியைப் பாக்காம கண்டுபிடிக்கணும். யார் வர்றீங்க?" என்று வழிகாட்டி கேட்டாள்.

"எங்க பாட்டி இங்கதான் வேலை பாத்தாங்க! எக்ஸ்ரேன்னு பேரு!" என்று மகள் கத்திவிட்டாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. மாமியார் இரண்டு தரம் வேண்டாம் என்றார். யாரும் விடவில்லை. போய் உட்கார்ந்தார். கழுத்தைப் பிடித்து ஓர் உருட்டு, ஒரு பார்வை, நல்லது என்று வலப்பக்கம் வைப்பு. கூட்டம் கைபேசியைத் தூக்கிப் பிடித்தது. ஏழாவது பாட்டில் உருண்டபோது, கழுத்துக்குக் கீழே முடி போல ஒரு கீறல் மின்னியதைக் கண்ணாடிக்காரன் பார்த்தான்.

மாமியார் அதையும் வலப்பக்கம் வைத்தார்.

பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. அவன் நாக்கு நுனியில் வாசகம் தயாராக இருந்தது: முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கின கண்ணா அத்தை இது? சொல்லப்போன நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை பாட்டிலுக்கு வரவே இல்லை. வெளிச்சம் வந்த திசையில் சும்மா நின்றது. கை மட்டும் பழக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்தது.

கம்பம் ஏன் ஆறு மாதமாகப் பேச்சிலேயே வரவில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாட்டு மூளை!

பன்னிரண்டாவதும் வலப்பக்கம் போனது. "எல்லாமே..." என்று மாமியார் ஆரம்பித்தார்.

"இந்த ஏழாவதைத்தானே அத்தை சொன்னீங்க? கெட்டதைக் கையோட உடைச்சுடணும், அதானே ஆலைச் சட்டம்!" என்று பாய்ந்து, அந்தப் பாட்டிலைத் தூக்கித் தொட்டியில் எறிந்தான். மூன்றடி தூரத்தில் இருந்த தொட்டி. அதையும் தவறவிட்டான். பாட்டில் விளிம்பில் பட்டு, தரையெல்லாம் சில்லாகத் தெறித்தது. ஒரு சில்லு அவன் கட்டை விரலையே பதம் பார்த்தது.

"ஐயோ, என்னங்க இது!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சார், அது காட்சிக்கு வச்ச தொட்டி!" என்று வழிகாட்டி பதறினாள். மற்ற பதினொன்றையும் கவிழ்த்துப் பார்த்தாள். எதிலும் சிவப்புப் புள்ளி இல்லை. "அட, உடைஞ்சதுதான் கெட்டது! அம்மா கரெக்டா பிடிச்சுட்டாங்க!"

கூட்டம் மாமியாருக்குக் கை தட்டியது. கண்ணாடிக்காரனுக்கு ஒரு துடைப்பமும் முறமும் கொடுத்தார்கள். அவன் குனிந்து பெருக்குவதை மகள் வீடியோ எடுத்தாள். "கண்ணாடிக் கடை முதலாளி, நல்லா பாத்துக்கோங்க" என்று பின்னணிக் குரல் வேறு.

திரும்பும் பஸ்ஸில் மனைவியும் மகளும் முன் சீட்டில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மாமியார் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அதுல என்ன இருந்துச்சு?"

"கழுத்துல கீறல் அத்தை. சின்னதுதான்."

"சின்னதுன்னு ஒண்ணு கிடையாது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லாம் பனி மூடின மாதிரி இருக்கு மாப்பிள்ளை. கம்பம் இருக்கிற இடமே தெரியலை. உங்க பொண்டாட்டிகிட்ட சொன்னா அழுவா."

"கண்ணுல புரை விழுந்திருக்கும் அத்தை. ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும். நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம். நானே அவகிட்ட சொல்லிக்கறேன்."

"ம்." அவன் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவீங்களா? அந்தக் கம்பம் நிஜமாவே குனிஞ்சுதான் தெரிஞ்சுதா? இல்ல, அப்பவே என் கண்ணு கெட்டுப்போச்சா?"

அவன் கட்டை விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்க கண்ணு சரிதான் அத்தை. அலை விழுந்த தகடு அது. தெரிஞ்சேதான் போட்டேன். நாளைக்கே நல்ல கண்ணாடியா அறுத்துட்டு வந்து மாட்டிடறேன்."

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக மாமியார் அவன் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"இப்ப மாத்திடாதீங்க மாப்பிள்ளை. ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்சதும், கம்பம் குனிஞ்சு நிக்குதான்னு நான் பாக்கணும். அதுவரைக்கும் அந்தக் கண்ணாடி மேல கை வைக்காதீங்க."