மருமகனைத் தெரியாத மாமியார்

1. சத்தமே வராத அறை

எலும்பு முறிவு ஆபரேஷன் தியேட்டரில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத்தான் தென்காசியில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்ந்தேன். சுத்தியலையும் ரம்பத்தையும் பார்த்துப் பழகிய கண், இனி எதற்கும் பதறாது என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

சேர்ந்த அன்றே டாக்டர் என்னை ஈசிடி அறைக்கு வரச் சொன்னார். ஈசிடி என்றால் தலைக்கு மின்சாரம் கொடுத்துச் சின்ன வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை. ஊரில் 'ஷாக் வைக்கது' என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். கட்டிலோடு சேர்த்துக் கட்டுவார்கள், நாலு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள், நோயாளி அலறுவார்.

கட்டிலில் ஹமீதா என்ற பெண் படுத்திருந்தார். தென்காசிக்காரர், நாற்பதைத் தாண்டிய வயது. மூக்கில் டியூப் போட்டிருந்தது. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. கையைத் தொட்டு, "பயப்படாதீங்கம்மா" என்றேன்.

"நான் மவுத்தாயாச்சு சிஸ்டர். குடலெல்லாம் அழுகிப்போச்சு. எதுக்கு என்னய வச்சிட்டிருக்கிய? கொண்டுபோய் அடக்கம் பண்ணுங்க" என்றார்.

அழுகையோ கோபமோ எதுவும் அந்தக் குரலில் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். தான் செத்துவிட்டதாக நம்பும் அளவுக்கு மனச்சோர்வு ஒருவரைக் கொண்டுபோகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மயக்க டாக்டர் ஊசி போட்டார். கண் மூடியது. அடுத்தது தசையைத் தளர்த்தும் ஊசி. அந்த மருந்து ஒரு பாதத்துக்கு மட்டும் போகாதபடி கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கியிருந்தார்கள். பல்லுக்கு நடுவே ரப்பர் கட்டை.

"கால் விரலப் பாத்துக்கிட்டே இருங்க சிஸ்டர். வலிப்பு அங்கனதான் தெரியும்" என்றார் டாக்டர்.

பட்டனை அமுக்கினார். தாடை ஒருமுறை இறுகியது. கால் விரல்கள் வெட்டி வெட்டி இழுத்து, கொஞ்ச நேரத்தில் அடங்கின. நான் இன்னும் அலறலுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். "முடிஞ்சிட்டு சிஸ்டர், ஆக்சிஜன பாருங்க" என்றார். நினைத்து வந்த பயங்கரம் அங்கே இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் சொன்ன வார்த்தைதான் வீடுவரைக்கும் கூடவே வந்தது.

2. இனிப்பு தூக்கலா ஒரு டீ

ஹமீதாவின் கணவர் காதர் சவூதியில் ஒரு கடையில் வேலை. மகள் ஷிஃபாவின் கல்யாணத்துக்கு வந்துவிட்டு உடனே திரும்பிப் போயிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே ஹமீதா சரியாகப் பேசவில்லை, தூங்கவில்லை. கல்யாண வேலை அலுப்பு என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். கணவர் போனதும் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. எந்த மாத்திரைக்கும் நோய் கேட்கவில்லை. காதர் எமர்ஜென்சி லீவில் ஓடிவந்தார்.

ஷாக் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் வேண்டாமென்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஆனால் மனைவி சாப்பிடாமல் செத்துவிடுவார் என்ற நிலையில் சம்மதித்தார்.

சில முறை கொடுத்த பிறகு ஒரு காலை. சிகிச்சை முடிந்து ரெக்கவரி ரூமில் படுத்திருந்த ஹமீதா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், ஒரு டீ கிடைக்குமா? இனிப்பு தூக்கலா."

அடக்கம் பண்ணச் சொன்ன அதே வாய். வெளியே ஓடி காதரைக் கூட்டிவந்தேன். மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க எப்ப வந்திய? லீவு குடுத்துட்டானா?" என்று கேட்டார். அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

3. முக்காடு

இரண்டு நாளில் டியூபை எடுத்தோம். இட்லி சாப்பிட்டார். சேதி கேட்டு ஷிஃபா குற்றாலத்திலிருந்து புருஷனோடு வந்தாள். பையன் பெயர் அன்சாரி. மெயின் அருவிப் பக்கம் சிப்ஸ் கடை வைத்திருக்கிறான். கையில் ஒரு பெரிய பொட்டலம், முகம் நிறையச் சிரிப்பு.

மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்த ஹமீதா, அவள் பின்னால் நின்றவனைப் பார்த்ததும் சட்டென்று முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏட்டி, யாருட்டி இந்தப் பையன்? அந்நிய ஆம்பளய எதுக்கு உள்ள கூட்டியாந்த?"

ஷிஃபா சிரித்தாள். "வெளையாடாதிய உம்மா." தாய் சிரிக்கவில்லை. மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்சாரி பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

ஷிஃபா செல்போனில் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினாள். ஹமீதா அதையே பார்த்தார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கல்லுப் போல உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைத் தொட்டு, "இது நானா?" என்றார்.

காதர் டாக்டர் அறைக்குள் போன வேகத்தில் கதவு சுவரில் மோதியது. "எம்மக கல்யாணத்தயே அழிச்சிட்டியளே டாக்டர்!"

"ஆரம்பத்துலயே சொன்னேன் பாய். கடைசி மாசங்கள்ல நடந்தது சிலது மறக்கும், சிலது திரும்பி வராமலும் போகலாம்னு. அந்த நோயும் பாதியை மனசுல பதிய விட்டிருக்காது."

"சொன்னிய. இல்லன்னு சொல்லல. அவ பொழைப்பாளா மாட்டாளாங்கதுதான் எங்காதுல விழுந்துது."

மறுநாள் வைக்கவேண்டிய ஷாக்கை டாக்டர் நிறுத்திவைத்தார். ஹமீதாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப முடிவெடுக்கிற தெளிவு உங்களுக்கே வந்துட்டு. அதனால உங்ககிட்டயே கேக்கேன்" என்றார்.

"நிறுத்துனா பழையபடி ஆயிருவேனா?"

"ஆகலாம். மிச்சத்தையும் முடிச்சா அந்த வாய்ப்பு குறையும். தலையில ஒரு பக்கமா மட்டும் வைக்கலாம், மறதி கம்மியா இருக்கும். சுத்தமா இருக்காதுன்னு சொல்லமாட்டேன்."

காதர் வாயைத் திறக்கப் போனார். ஹமீதா கையைக் காட்டித் தடுத்தார்.

"வைங்க. ஆனா ஒவ்வொரு வாட்டியும் எங்கிட்ட கேட்டுட்டு வைங்க."

அப்படியே செய்தோம். முழுசாகத் தேறி, மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்.

4. குற்றாலத்தில் கேட்டது

அடுத்த சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சிப்ஸ் கடைக்குள்ளிருந்து, "சிஸ்டர்!" என்று குரல். ஹமீதா கவர்களில் நேந்திரம் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அன்சாரி எண்ணெய்ச் சட்டியில் மும்முரமாக இருந்தான். ஈரத்தலையோடு கடைக்குள் போய் உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன், கல்யாணம் ஞாபகம் வந்ததா என்று.

"வரல. வீடியோவ எத்தன வாட்டி பாத்தாலும் அடுத்த வீட்டுக் கல்யாணம் மாதிரிதான் இருக்கு. ஒரே மக சிஸ்டர். ஆத்தாமையாத்தான் வருது."

"எங்க மேல கோவமா?"

"இருக்கு. உயிரோட இருக்கப்போயிதான கோவப்படுதேன்?" என்று சிரித்தார். சிரிப்பு நிற்காமலே அடுத்ததைச் சொன்னார். "ஒரு கூத்து கேளுங்க. நான் மவுத்தாயிட்டேன்னு கெடந்தேம்லா, அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. குடல் அழுகுன அந்த நாத்தங்கூட. போறதுன்னா அதுல்லா போயிருக்கணும்?"

சிகிச்சை எதை எடுக்கும், எதை விடும் என்று யார் சொல்ல முடியும்?

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அங்கன வாறவங்ககிட்ட ரெண்டையும் சொல்லுங்க. எழும்பி வந்துரலாம்னும் சொல்லுங்க, சிலது போயிரும்னும் சொல்லுங்க. ஒண்ண மட்டும் சொல்லி அனுப்பாதிய."

ஈசிடி அறைக்கு வரும் புது நர்ஸ்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பயந்தவர் காதில் பாதிதான் விழும். அதனால் ஒரே விஷயத்தை இன்றும் சொல்லுங்கள், நாளையும் சொல்லுங்கள். நோயாளி தெளிந்ததும் அவரிடமே சொல்லுங்கள். அந்த வீட்டில் சமீபத்தில் கல்யாணமோ சாவோ பிள்ளைப்பேறோ நடந்ததா என்று முதலிலேயே கேட்டுவையுங்கள். பார்க்க வருகிறவர், பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும், நீங்கள் முன்னால் போய் நோயாளியிடம் அவர் இன்னார் என்று சொன்ன பிறகு உள்ளே வரட்டும். பெரும்பாலும் தேவைப்படாது. யாரோ ஒருவருக்குத் தேவைப்படும்போது, கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே நிற்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.